ஏரியின் ஆண்டும் கணக்கின் ஆண்டும்

பெங்களூர் அல்சூர் ஏரியில் 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் மாண்டு மிதந்தன. கழிவுநீர் கலந்ததால் நீரில் கரைந்துள்ள பிராணவாயு குன்றியதே காரணம் எனக் கூறப்பட்டது. செத்த மீன்களை அகற்றுவது மாநகராட்சியின் பணி; அவை மீண்டும் சாகாதிருக்கச் செய்ய வேண்டுவது யாது என்று ஆராய்ந்து கூறுவது விஞ்ஞானத்தின் பணி. இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பொருள் அளிக்கிறது. பல்கலைக்கழகம் அதனைப் பெறுகிறது. இரண்டிற்கும் இடையே நிற்பது ஓர் ஒப்பந்தம். கையெழுத்திடுமுன் அதனை ஊன்றிப் படித்து அறிவுரை கூறுவதும் ஆராய்ச்சியின் ஓர் அங்கமே என்பதை நாம் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

இதற்கு முன்மாதிரி இதே நகரில் உண்டு. 1909இல் தோன்றி, 1958இல் பல்கலைக்கழகத்திற்கு நிகரான தகுதி பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகம், 1975இல் விஞ்ஞான, தொழில் ஆலோசனைக்கெனத் தனி மையம் ஒன்றை நிறுவியது. 1982இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றையும் அமைத்தது. ஆராய்ச்சியாளருக்கும் அரசாங்கத்திற்கும் இடையிலான தொடர்பை நிலையான ஓர் அமைப்பின் பொறுப்பில் விடுவதன் பயனை இவை காட்டுகின்றன. ஆயினும், சிறிய கல்லூரியிலுள்ள பேராசிரியர் ஒப்பந்தத்தின் விதிகளைத் தாமே படித்துத் தாமே பொருள் கொள்ள வேண்டியவராகிறார்.

நல்ல ஆலோசகர் முதலில் நோக்க வேண்டுவது காலம். அரசாங்கத்தின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஏரியின் ஆண்டு மழையைப் பின்பற்றுகிறது. மழைக்குப் பின் பணம் வந்து சேருமாயின், வெள்ளம் கொணரும் கழிவை அளக்கும் வாய்ப்பு அவ்வாண்டில் திரும்ப வாராது. கோடையில் நீர் வற்றி மீன்கள் துன்புறும் மார்ச் மாதமோ, ஆய்வாளர் ஏரிக்கரையில் நிற்க வேண்டிய வேளையில், செலவுச் சீட்டுகளை முடிக்க விரையும் மாதமாக உள்ளது. திட்டத்தின் தொடக்க நாளைப் பருவத்திற்கு ஏற்பக் குறிப்பிடும் ஒரு வரி, ஓராண்டு உழைப்பைக் காக்கும்.

அடுத்தது கருவி. பிராணவாயுவை அளக்கும் கருவியை வாங்கினால் மட்டும் போதாது. அதனைச் சுத்தம் செய்து, அளவு சரிபார்த்து, தேய்ந்த பகுதியை மாற்றவும் வேண்டும். விலைக்கு ஒதுக்கீடு இருந்து பராமரிப்புக்கு இல்லாவிடில், அது விரைவில் அலமாரிக்குச் சென்றுவிடும்.

மூன்றாவது, சொற்களின் பொருள். பெற்ற தொகை மானியமா, செய்த பணிக்குக் கூலியா என்னும் வேறுபாடு சிறிதன்று. ஆராய்ச்சி மானியங்களுக்குச் சரக்கு, சேவை வரி கோரி உயர்கல்வி நிறுவனங்கள் சிலவற்றிற்கு 2024இல் அறிவிக்கைகள் சென்றன. அவ்வாண்டு செப்டம்பரில் கூடிய வரிக் குழு, தகுதி பெற்ற நிறுவனங்கள் அரசு அல்லது தனியார் மானியத்தைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு வரிவிலக்குப் பரிந்துரைத்த பின்னரே கவலை தணிந்தது.

எல்லாவற்றினும் முக்கியமானது முடிவுகளின் உரிமை. நாட்டின் பாதுகாப்பைச் சார்ந்த ஆராய்ச்சியில் மறைபொருள் இருப்பது இயல்பு. ஆனால் ஏரியைச் சுற்றி வாழும் மக்கள் அதன் நீரின் நிலையை அறியலாகாது எனல் பொருந்தாது. முடிவுகளை வெளியிட அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை ஒப்பந்தமே வரையறுத்தல் வேண்டும்.

இவையெல்லாம் தணிக்கையைத் தவிர்க்கும் உபாயங்கள் எனச் சிலர் ஐயுறலாம். அவ்வாறன்று. மக்களின் வரிப்பணத்திற்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயனீட்டுச் சான்றிதழைக் கோருவது முறையே. பணம் செலவானதை அச்சான்றிதழ் கூறும். ஆனால் ஏரி பிழைத்ததா என்பதை அதை மட்டும் கொண்டு அறிய இயலாது.

எனவே, ஆய்வுக்கூடத்தையும் கணக்கேட்டையும் ஒருங்கே அறிந்த ஆலோசகர் ஒருவரைப் பல்கலைக்கழகம்தோறும் நியமித்தல் வேண்டும். சிறிய கல்லூரிகள் பல சேர்ந்தும் ஒருவரை அமர்த்தலாம். விண்ணப்பம் எழுதும் நாளிலேயே அவர் கலந்துகொள்ளல் வேண்டும். இடர் வந்த பின் அழைக்கப்படும் ஆலோசகரால் பயன் சிறிதே. அவருக்கு ஆகும் ஊதியம், பருவம் தவறிய ஆராய்ச்சியால் நேரும் இழப்பினும் மிகக் குறைவு. மீன்கள் மிதந்த பிறகு ஏரியை நோக்குவது போலன்றி, நீர் தெளிவாயிருக்கும்போதே நோக்கும் பழக்கம் ஒப்பந்தங்களிலும் வேரூன்ற வேண்டும்.