ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘ஈக் அவுட்’

ஏ.எஸ்.ராவ் நகரில் வாழும் நம் சங்கத்து அம்மையார் ஒருவர் ஓர் ஐயம் எழுதியனுப்பியுள்ளார். அவர்தம் மகள், கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தில் பாட்டியைப் பற்றி எழுதுகையில், துணி தைத்து அவர் ‘ஈக்டு அவுட் எ லிவிங்’ என்று எழுதினாளாம். பொருள் கேட்டறிந்த பாட்டி, “நான் என்ன பிச்சையா எடுத்தேன்?” என்று மனம் நொந்தாராம். அச்சொல் தகுமா என்பது வினா.

பிச்சை என்னும் பொருள் அதில் எள்ளளவும் இல்லை. ஆயினும் பாட்டியின் வருத்தத்தை நாம் புறந்தள்ளோம்.

‘ஈக்’ என்பது பெருக்குதல், கூட்டுதல் எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினை. பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ என்பதும் இவ்வழி வந்ததே. ‘ஆன் ஈக்நேம்’, அதாவது கூடுதற்பெயர், என்றிருந்ததில் முன்னின்ற ‘ன்’ நழுவிப் பின்வந்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில், மற்போருக்கு நிற்கும் ஆர்லாண்டோவுக்குத் தன் சிறு வலிமையும் துணையாகாதா என்று ரோசலிண்டு ஏங்குகிறாள். அது போதாதெனின் என் வலிமையும் சேரட்டும் என்கிறாள் தோழி சீலியா. அவ்விடத்தில் அவள் வாயில் வருவது ‘ஈக் அவுட்’.

ஆகவே, உள்ளது போதாதபோது வேறொன்றைச் சேர்த்து நீட்டிப்பதே மூலப்பொருள். அரிசி குறைந்தால் கேழ்வரகு சேர்த்து மாதக் கடைசிவரை ஓட்டுகிறோமே, அதுதான். கைவசமுள்ள அரிசி, சம்பளம் போன்றவையே இவ்வினைக்குச் செயப்படுபொருளாகலாம். அதனாற் பெறும் பிழைப்பு ஆகாது என்று ஃபௌலர் தம் 1926-ஆம் ஆண்டு ஆங்கில வழக்கு நூலில் வற்புறுத்தினார். உலகம் கேட்கவில்லை! அரும்பாடுபட்டு வயிறு வளர்த்தல் என்ற பொருளும் இன்றைய அகராதிகளில் ஏறிவிட்டது. மயிரிழையில் வென்ற ஆட்டத்துக்கும் நாளிதழ்கள் இதையே எழுதுகின்றன. பேச்சில் வருவது அரிது. நாம் பணியாற்றும் ரயில்வே அலுவலகக் கோப்புகளிலோ ஒருநாளும் கண்டதில்லை. அங்கே எல்லாம் ‘சப்ளிமெண்டரி’தான்.

எனவே பெண் எழுதியது பிழையன்று. ஆனால் படிப்பவர் கண்முன் வறுமை ஒன்றே நிற்கும். நடந்தது அதுவா? அம்மையார் கடிதப்படி, பாட்டிக்குக் கணவரின் சிறிய பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அது பற்றாமையால் தையற்கூலியையும் சேர்த்து இரு மக்களைப் படிக்க வைத்தார். சீலியா சொன்ன பொருளில் இச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்க்காது. ‘ஈக்டு அவுட் தி பென்ஷன் பை ஸ்டிச்சிங் கிளோத்ஸ்’ என்றெழுதுக. வினை அதுவே, செயப்படுபொருள் மட்டுமே வேறு. முன்னதில் பாட்டி அல்லலுற்றார் என்ற செய்தி உண்டு. அவர் செய்த கணக்கு பின்னதில்தான் தெரிகிறது.

பாட்டிக்குத் தமிழில் சொல்லும்போது, “பென்ஷன் போதாததைத் தைத்து ஈடுகட்டினீர்கள் என்று எழுதியிருக்கிறாள்” என்று சொல்லுக. நேர்காணலில் வாய்விட்டுச் சொல்ல நேரின், ‘ஈ’ நெடிலாகவே ஒலிக்க வேண்டும். ‘எக்’ என்று குறுக்கற்க.