ஓட்டிப் பார்க்கட்டும்... லைசென்ஸைக் காட்டிவிட்டு!

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கார் விலைக்கு வருகிறது என்றால், பல நேரங்களில் அதற்குப் பின்னால் ஒரு ரிட்டயர்மென்ட் இருக்கும். என்.எல்.சி.யில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊருக்கோ, சென்னையில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கோ போக வேண்டும். பீரோ, கட்டில் எல்லாம் லாரியில் ஏறிவிடும். கார் மட்டும் வாசலில் நிற்கும். "டி.என். 31 வண்டி, சிங்கிள் ஓனர், அதிகம் ஓடாதது" என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் வருவார்கள். ஒருவர் வாங்குபவர். ஒருவர் அவருடைய மச்சான். ஒருவர் மெக்கானிக். நாலாவது ஆள் யார் என்று வீட்டுக்காரருக்குக் கடைசி வரை தெரியாது. காபி குடித்து முடித்ததும் அந்தக் கேள்வி வரும்.

"சார், ஒரு ரவுண்டு அடிச்சுப் பார்த்துட்டு வந்துடுறோமே?"

இந்த இடத்தில்தான் விற்பவர் தடுமாறுகிறார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க வாய் வராது. தெரிந்தவர் சொல்லி அனுப்பிய ஆள் வேறு. கேட்டால் தப்பாக நினைப்பாரோ... வியாபாரம் கெட்டுவிடுமோ... கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார். பத்து நிமிடம் என்று சொல்லிப் போன வண்டி நாற்பது நிமிடம் ஆகியும் வராதபோது வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்தக் கூச்சம் தேவையில்லாதது. அதைவிட முக்கியம், அது ஆபத்தானது. ஏனென்றால் அந்த நாற்பது நிமிடமும் வண்டியை ஓட்டுவது யாராக இருந்தாலும், அது ஓடுவது ஆர்.சி. புக்கில் இருக்கும் பெயரில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 5-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாதவரை வண்டி ஓட்ட உரிமையாளர் அனுமதிக்கவே கூடாது என்கிறது. மீறினால் 180-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்பு இந்த அபராதம் 1,000 ரூபாய் வரைதான் இருந்தது. கவனியுங்கள், இது ஓட்டியவருக்கு உள்ள தண்டனை அல்ல. அவருக்குத் தனியாக உண்டு. இது சாவியைக் கொடுத்தவருக்கு!

அபராதம் கூடப் பரவாயில்லை, கட்டிவிடலாம். விபத்து நடந்தால்? வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பலரும் நினைக்கிறார்கள். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை, அதைப் பார்க்காமலே உரிமையாளர் சாவியைக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்கலாம். 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இதுதான். இன்னொரு பொறியும் இருக்கிறது. "எப்படியும் விற்கப்போகிற வண்டி, எதற்கு ரின்யூ பண்ண வேண்டும்?" என்று இன்சூரன்ஸை விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்த வண்டியை டெஸ்ட் டிரைவுக்குக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால், ரிட்டயர்மென்ட் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

ஆர்.சி.யில் உள்ள பெயருக்கு எவ்வளவு பாரம் என்பதற்கு 2018-ல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே போதும். ஒருவர் 2007-ல் தன் மாருதி 800 காரை விற்றுவிட்டார். அதன்பிறகு அந்தக் கார் பல கைகள் மாறியது. ஆனால் ஆர்.சி.யில் யாரும் பெயரை மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் ரிவர்ஸில் வந்து மோதியதில் ஓர் உயிர் போனது. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு யார்? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்றது நீதிமன்றம். விற்றுப் பணம் வாங்கி இரண்டு வருடம் ஆனவருக்கே இந்தக் கதி என்றால், இன்னும் விற்கவே விற்காமல் சாவியை மட்டும் கொடுத்தவரின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

"அதெல்லாம் சரி, லைசென்ஸ் கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமே?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு நெய்வேலியிலேயே பதில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் போகிறவர் தினமும் வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போகிறார். முப்பது வருடம் பார்த்த முகமாக இருந்தாலும் சரி. அங்கே நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் தன்னைத் திருடன் என்று சந்தேகப்படுகிறார் என்று யாரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியதில்லை. உள்ளே இருப்பது ஆபத்தான இடம், அதனால் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிகிறது. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இரும்பைத் தெருவில் ஓட்டுவதும் ஆபத்தான வேலைதான். அதற்கு ஒரு அட்டையைக் கேட்டால் என்ன தப்பு? கேட்டதும் கோபித்துக்கொண்டு போகிறவர், போனதே நல்லது.

இதற்குப் பயந்து சிலர் மறுகோடிக்குப் போகிறார்கள். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன், சத்தத்தைக் கேட்டுக்கோங்க, ஓட்டல்லாம் வேண்டாம்." இதுவும் நியாயமில்லை. வாங்குபவரும் கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தைத்தான் கொண்டு வருகிறார். கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். டெஸ்ட் டிரைவ் வாங்குபவரின் உரிமை. அதை ஒழுங்காக நடத்துவது விற்பவரின் கடமை.

எப்படி நடத்துவது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் விலை ஓரளவு ஒத்துவருகிறதா என்று பேசிவிட வேண்டும். சும்மா ஓட்டிப் பார்க்க வருபவர்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள். பிறகு ஓட்டப்போகிறவரின் லைசென்ஸைப் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். எல்.எல்.ஆர். மட்டும் இருந்தால் ஸ்டீயரிங் கிடையாது. ஆர்.சி., இன்சூரன்ஸ் ஒரிஜினல்களை யார் கையிலும் கொடுத்து அனுப்பக் கூடாது. முதல் பாதி தூரத்தை விற்பவரே ஓட்ட வேண்டும். இடம் மாறும்போது இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதன்பிறகு முன் சீட்டில், ஓட்டுபவரின் பக்கத்திலேயே உட்கார வேண்டும். மெக்கானிக் பின்னால் உட்காரட்டும். அந்த நாலாவது ஆள் வாசலில் இருந்து பேப்பர் படிக்கட்டும்.

பாதையையும் விற்பவரே முடிவு செய்வது நல்லது. டவுன்ஷிப் ரோடுகள் அகலமானவை, நிழலானவை, மேடு பள்ளம் இல்லாதவை. அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். அதனால் பிளாக்குக்குள் இரண்டு திருப்பம், ஒரு ஸ்பீடு பிரேக்கர், அப்புறம் ஆர்ச் கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம். பகல் வெளிச்சத்தில் இருபது நிமிடம் தாராளம். வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைக்காமல் இருப்பதும் நேர்மைதான். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை வாங்குபவர் பார்க்கட்டும்.

கல்லூரி மாணவர்களுக்கும், அவர்கள் வீட்டுத் தம்பிகளுக்கும் ஒரு விஷயம். அப்பா கார் பார்க்கப் போகும்போது கூடவே போய், "நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன்ப்பா" என்று பதினேழு வயதுப் பையன் கேட்பது சகஜம். 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் சேர்த்த 199-ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 வருடம் வரை சிறைக்குப் போகலாம். 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். அதாவது, ஒரு பையனின் ஐந்து நிமிட ஆசைக்கு முன்பின் தெரியாத ஒரு பெரியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்து விலை படிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வண்டியை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு விற்பவர் தெரிவிக்க வேண்டும். "நான் மாத்திக்கிறேன் சார்" என்ற வாய்வார்த்தையை நம்பி ஊரைவிட்டுப் போகக் கூடாது. ஏன் என்பதற்கு அந்த மாருதி 800 சாட்சி.

இவ்வளவும் பணத்துக்காகவும் வழக்குக்குப் பயந்தும் மட்டும் அல்ல. டவுன்ஷிப் ரோட்டில் காலையில் சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இந்த வியாபாரத்தில் லாபம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் வாசலில் காபி டம்ளரோடு ஒருவர் கூச்சப்பட்டதற்கான விலையை அந்தப் பிள்ளை கொடுக்க நேரலாம்.

"லைசென்ஸ் கொஞ்சம் காட்டுங்க தம்பி." சொல்ல மூன்று விநாடிதான் ஆகும்.