இரட்டைச் சகோதரிகளும் விமர்சகர்களின் மௌனமும்

கனடா தேசத்துக் கால்கரி நகரில் 1980-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி டீகன், சாரா என்னும் இரு பெண்கள் இரட்டையராய்ப் பிறந்தார்கள். பள்ளிப் பருவத்திலேயே கிட்டாரைக் கையிலெடுத்து, 1998-ல் அவ்வூர்ப் பாட்டுக்கோஷ்டிப் போட்டியில் ஜெயித்து, 1999-ல் எந்தக் கம்பெனியின் தயவுமின்றித் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். இருவரும் தனித்தனியே பாட்டெழுதுகிறவர்கள். இருவரும் பெண்களையே காதலிக்கிறவர்கள். அதை ஆரம்பமுதல் ஒளித்தவர்களுமல்லர்.

இவர்களுடைய சங்கீதத்தின் ஏற்றத்தாழ்வைப் பற்றி நாம் எழுத வரவில்லை. 2011-ம் வருஷம் மே மாதத்தில் சாரா செய்த ஒரு காரியத்தைப் பற்றியே எழுதுகிறோம். அக்காலத்தில் டைலர் தி கிரியேட்டர் என்னும் அமெரிக்க இளைஞரின் "காப்ளின்" என்ற தட்டைப் பத்திரிகைகள் பல வானளாவப் புகழ்ந்தன. அதிலோ பெண்களைப் பலாத்காரஞ் செய்வதும், சாராவைப் போன்றவர்களை இழித்துரைப்பதும் மலிந்து கிடந்தன. இதைக் கண்டும் சங்கீத உலகம் ஏன் வாய்மூடி நிற்கிறது என்று சாரா பகிரங்கமாக எழுதிக் கேட்டார். அதற்கு டைலரிடமிருந்து வந்தது ஆபாசமான ஏளனமேயன்றி நியாயமல்ல.

"கலையென்றால் அப்படித்தான், பேசுவது பாத்திரமே ஒழிய ஆசிரியரல்ல" என்று சிலர் சமாதானஞ் சொல்லுகிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். பாடுகிறவருக்குப் பாடச் சுதந்திரமுண்டு. அவர் வாயைக் கட்டும்படியோ தட்டை உடைக்கும்படியோ நாம் கேட்கவில்லை. ஆனால் கேட்கிறவருக்குக் கண்டிக்கச் சுதந்திரமில்லையா? ராகத்திலும் தாளத்திலும் எள்ளளவு பிழை கண்டாலும் பத்தி பத்தியாய் எழுதும் விமர்சகர்களுக்கு, மனிதரை மிதிக்கும் வார்த்தை வரும்போது மாத்திரம் பேனாவின் மை வற்றிப்போவானேன்? பழிக்கப்படுகிறவள் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் ஏதேனும் உண்டா?

இச்சகோதரிகள் கேள்வியோடு நின்றுவிடவுமில்லை. 2016-ல் தங்கள் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, தங்களைப் போன்ற பெண்களின் நீதிக்கும் சுகாதாரத்துக்கும் பொருள் திரட்டி உதவி வருகிறார்கள்.

தன்னை இழிவுபடுத்தும் பாட்டுக்குத் தானும் கைதட்டுவதுதான் ரசிகத்தன்மை என்றால், அந்த ரசிகத்தன்மை நமக்கு வேண்டாம். மானத்தை வெளியில் விட்டுவிட்டு வந்தால்தான் உள்ளே கலையென்றால், மானமுள்ளவர்கள் வெளியிலேயே நிற்கட்டும்.