பக்கத்து மனைக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார்... கல் ஊன்றலாமா? சர்வேயரின் பொறுப்பு எதுவரை?

சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் ஒரு மனையை அளக்க சர்வேயர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு போட்டவர்தான் பைக்கில் போய் அவரைக் கூட்டி வந்தார். டீ, வடை ஆகிவிட்டது. வடக்குப் பக்கத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தெற்குப் பக்கத்துக்காரர் மட்டும் இல்லை. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அறிவிப்புத் தாளைக் கதவில் ஒட்டியாச்சு என்கிறார்கள்.

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு சார், நீங்க கல்லப் போடுங்க."

அந்த நிமிடத்தில் சர்வேயர் என்ன செய்கிறார் என்பதில்தான் அந்தத் தொழிலின் நெறி இருக்கிறது. லஞ்சம் வாங்கினாரா இல்லையா என்பது அதில் ஒரு பகுதிதான். ஒரு பைசா வாங்காத சர்வேயரும் அங்கே தப்பு செய்ய முடியும்.

செட்டிநாட்டுப் பகுதியில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு. பங்குதாரர்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் கதவுகள். இங்கே நிலத்தின் சொந்தக்காரர் ஊரில் இல்லாததுதான் வழக்கம், இருப்பது விதிவிலக்கு. அதனால் 'ஆட்சேபணை யாரும் சொல்லவில்லை' என்று எழுதுவதற்கு முன்னால், ஆட்சேபணை சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு இருந்ததா என்று பார்ப்பது சர்வேயரின் கடமை. கதவில் ஒட்டியது சட்டப்படி போதுமானதாக இருக்கலாம். நியாயத்துக்கு அது போதாது.

ஒரு லிங்க் என்ன செய்யும்?

கொஞ்சம் கணக்கு. தமிழ்நாட்டின் பழைய புலப்படங்கள் சங்கிலிக் கணக்கில் அளந்து வரையப்பட்டவை. ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். ஒரு லிங்க் என்பது 7.92 அங்குலம், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு கணக்கு மீட்டருக்கும் ஹெக்டேருக்கும் மாறினாலும், அடிப்படை அளவுகள் பல இடங்களில் அந்தச் சங்கிலி போட்டவைதான்.

100 மீட்டர் நீளமுள்ள ஓர் எல்லைக்கோடு ஒரே ஒரு லிங்க் நகர்ந்தால் 20 சதுர மீட்டர் கை மாறுகிறது. சுமார் 216 சதுர அடி. கிட்டத்தட்ட அரை சென்ட். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி ஹால் ஒன்று அதில் அடங்கும். கல் ஊன்றும்போது கடப்பாரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் நடக்கிற மாற்றம் இது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இந்தத் தொழிலில் நேர்மை என்பது பெரும்பாலும் யாரும் பார்க்காத நேர்மை.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பத்திரத்தில் பத்து சென்ட் இருக்கும், பட்டாவில் ஒன்பதே முக்கால், தரையில் அளந்தால் ஒன்பதரை. மனு போட்டவர் கேட்பார்: "என் கால் சென்ட் எங்க போச்சு?" அதைப் பக்கத்து நிலத்திலிருந்து எடுத்துத் தருவது சர்வேயரின் வேலை இல்லை. உரிமை யாருக்கு என்று தீர்மானிக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. பதிவேட்டில் உள்ள கோடு தரையில் எங்கே விழுகிறது என்று காட்டுவது மட்டும்தான் அவர் பொறுப்பு. 'உங்களுக்குக் குறைகிறது, காரணம் என்னால் சொல்ல முடியாது' என்று கூலி கொடுத்தவர் முகத்துக்கு நேரே சொல்வதற்குக் கருவி எதுவும் உதவாது. முதுகெலும்பு வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த தாமஸ் கூலி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சர்வேயர் நீதிபதி அல்ல. ஆனால் மக்கள் அவர் சொல்லை நீதிபதி சொல்லைப்போல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர் கவலை. எல்லை எங்கே இருந்திருக்க வேண்டும் என்று புதுக் கருவியால் திருத்தப் பார்க்காமல், முதலில் கல் எங்கே ஊன்றப்பட்டது, அக்கம்பக்கத்தார் எதை எல்லையாக ஏற்று வாழ்ந்தார்கள் என்று தேடுவதே முறை என்பது அவர் வாதத்தின் சாரம். நூறு வருடத்துக்கு மேலாகியும் கல்லலுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

சட்டம் ஏற்கெனவே சொன்னது

1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டில் அடிப்படை. எல்லையில் தகராறு இருந்தால், அளவை அலுவலர் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுத்ததற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது அதன் 10ஆவது பிரிவு. முடிவு பிடிக்காதவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். எல்லை நிர்ணயம் முடிந்ததாக அறிவிக்கை வந்த பிறகு மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் வழக்கும் போடலாம். எல்லைக் கற்களைப் பராமரிக்க வேண்டிய கடமை நில உடைமையாளருக்கே உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. கல்லைப் பிடுங்கி மாட்டுக் கொட்டகைக்குப் படி போட்டவர்கள் சர்வேயரைத் திட்டுவதற்கு முன் இதையும் படிக்கலாம்.

இந்த விதிகள் அரசு அறிவித்து நடத்தும் அளவைப் பணிகளுக்கானவை. மனு போட்டு நடக்கும் அன்றாட எஃப் லைன் அளவீட்டிலும் அதே ஒழுக்கம் வேண்டாமா? பல இடங்களில் நடப்பது வேறு. அளந்தார், வாயால் சொன்னார், கல்லைக் காட்டினார், கிளம்பிவிட்டார். எந்தக் கல்லிலிருந்து அளவு தொடங்கினார், புலப்படத்துக்கும் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற விவரம் ஒரு தாளில் இரு தரப்புக்கும் கிடைத்தால் பாதி வழக்கு பிறக்கவே பிறக்காது.

எழுதாமல் விட்டதன் விலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தைச் சொல்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். மாநிலம் முழுக்கப் பட்டாக்களை நேரடி ஆக்கிரமிப்புப்படி சரிபார்த்துப் புதுப்பித்த பெரிய முயற்சி அது. நல்ல நோக்கம்தான். ஆனால் அவசரத்தில் பெயர் மாறியது, பரப்பு மாறியது, ஒருவர் புலம் இன்னொருவர் பட்டாவில் ஏறியது. 'யுடிஆர் பிழை' என்பது வட்டாட்சியர் அலுவலக வாசலில் இன்றைக்கும் புழங்கும் சொல். தாத்தா காலத்தில் ஓர் ஊழியர் எழுதிய ஒரு வரிக்காகப் பேரன் மாவட்ட வருவாய் அலுவலர் வரைக்கும் நடக்கிறான். அப்போது ஊரில் இல்லாதவர்கள் கூடுதலாக இழந்ததில் ஆச்சரியமில்லை.

சிவகங்கைச் சீமைக்கு இதில் கூடுதல் கதை உண்டு. இது ஜமீன் பூமி. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கே ரயத்துவாரி முறை வந்தது. யார் உழுகிறார், எதுவரை உழுகிறார் என்பது ஊர் நினைவிலிருந்து அரசுத் தாளுக்கு மாறிய காலம் அதிக தூரத்தில் இல்லை. (நில வழக்குக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு: சிவகங்கை ஜமீன் வாரிசுரிமை வழக்கு 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த்தான் தீர்ந்தது.)

கண்மாய்க்கு யார் ஆட்சேபணை சொல்வது?

தெற்குப் பக்கத்துக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஒருநாள் திரும்பி வந்து சண்டையாவது போடுவார். வரத்துக்கால் வருமா? வானம் பார்த்த இந்த மாவட்டத்தில் கண்மாயும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயும்தான் விவசாயம். மனைப்பிரிவு போடுபவருக்குப் பத்தடி கால்வாய் ஐந்தடியானால் இரண்டு மனை கூடுதல். வரைபடத்தில் அந்தக் கோட்டைத் தள்ளிப் போடச் சொல்வது சர்வேயரைத்தான். கண்மாய்களை அளந்து எல்லையைக் குறிப்பதற்காகவே 2007இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. நீர்நிலைகள் பொதுச் சொத்து, அவற்றைக் காக்க வேண்டும் என்று 2001இல் இஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருந்தும், தரையில் அந்தச் சட்டம் நிற்பதும் விழுவதும் சங்கிலி பிடிப்பவர் கையில். மனு போடாத, டீ வாங்கித் தராத, குரல் இல்லாத அந்தத் தரப்புக்காகவும் அவர்தான் அளக்க வேண்டும்.

லஞ்சத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்வதற்கே காசு வாங்கினாலும் ஊழல் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்தான். மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் விலக்கு. 'சீக்கிரம் முடியட்டும்னு கொடுத்தேன்' என்று ஐடி நிறுவன வேலைக்காரர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். சீக்கிரத்துக்குக் கொடுத்த காசும் கோட்டை நகர்த்தக் கொடுத்த காசும் ஒரே பையில்தான் விழுகிறது; முதலாவதை ஏற்றுக்கொண்ட கை இரண்டாவதை மறுக்கும் என்று நம்ப என்ன காரணம்?

அதே சமயம், எல்லாப் பழியையும் சர்வேயர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஒரு குறுவட்ட அளவருக்கு உட்பிரிவு மனு, எல்லை மனு, நீதிமன்ற உத்தரவு, ஆக்கிரமிப்பு அளவீடு என்று எல்லாமே அவசரம். போக வண்டி இல்லை, சங்கிலி பிடிக்க ஆள் இல்லை. மனுதாரரின் வண்டியிலேயே போய், மனுதாரரின் ஆள் நாடா பிடிக்க, மனுதாரர் வாங்கித் தந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நடுநிலையோடு அளக்க வேண்டும் என்பது துறை அவருக்கு வைக்கும் பரீட்சை. வேலைப் பளுவில் சிலர் தரைக்கே போகாமல் மேசையிலேயே உட்பிரிவைக் கீறிவிடுகிறார்கள். அதை மன்னிக்க முடியாது. ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள முடியும். போக்குவரத்தையும் உதவியாளரையும் அரசு கொடுக்காதவரை நேர்மையைத் தனிமனிதச் சாகசமாகத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

இணையத்தில் மனு, கட்டணமும் அங்கேயே, புலப்படம் போனில் என்று வந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் செயற்கைக்கோள் கருவி சென்டிமீட்டர் சுத்தமாக இடத்தைச் சொல்லும். தரையில் கிடக்கும் இரண்டு கற்களில் எது அசல், எது போன வருஷம் ராத்திரியில் நட்டது என்று சொல்லாது. தப்பான கல்லிலிருந்து துல்லியமாக அளந்தால் துல்லியமான தப்புதான் வரும்.

இலங்கையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி அங்கே ஒரு பேரவை உண்டு. பதிவும் ஆண்டு உரிமமும் இல்லாமல் யாரும் நில அளவராகத் தொழில் செய்ய முடியாது. மலேசியாவில் 1958இலிருந்தே உரிமச் சட்டமும் வாரியமும் உண்டு. பன்னாட்டு நில அளவர் கூட்டமைப்பு 1998இலேயே ஒரு மாதிரி நெறிமுறையை வெளியிட்டுவிட்டது. இந்தியாவில் டாக்டருக்கு ஆணையம், வக்கீலுக்கு பார் கவுன்சில், ஆடிட்டருக்கு நிறுவனம். சர்வேயருக்கு அப்படித் தேசிய அளவில் எதுவும் இல்லை. அரசுச் சர்வேயர் தவறினால் துறை விசாரணை. சந்தையில் கருவி வாடகைக்கு எடுத்து 'டிஜிட்டல் சர்வே' என்று போர்டு மாட்டியவர் தவறினால்? அவர் போட்ட கோடு அரசுப் பதிவேட்டை மாற்றாது. ஆனால் அதை நம்பிச் சுவர் எழும்பிவிடும்.

உரிமம் பெற்ற நில அளவர்களையும் தமிழ்நாடு பயன்படுத்தத் தொடங்கிவிட்ட நிலையில், உரிமத்தோடு ஒரு நெறிமுறையும், புகாரை விசாரிக்கத் துறைக்கு வெளியே ஓர் அமைப்பும் வந்தாக வேண்டும். தன் உறவினர் நிலத்தையோ தான் பங்கு வைத்திருக்கும் மனைப்பிரிவையோ அளக்கக் கூடாது என்ற எளிய விதியிலிருந்து அது தொடங்கலாம். வெளியூரில் இருக்கும் பக்கத்து நிலக்காரருக்கு மனுவிலேயே கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ கேட்டு வாங்கி, அளவு நாளுக்கு முன்பே தகவல் அனுப்புவதைக் கட்டாயமாக்குவது அடுத்தது. சிங்கப்பூரில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை போய்ச் சேர்கிறது. எல்லை அறிவிப்பு மட்டும் பூட்டிய கதவில் காய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.