முள் நடுவில் நிற்கட்டும்

‘சூடு’ என்ற சொல்லைக் கேட்டாலே நாம் அஞ்சுகிறோம். உடம்பு சூடாயிற்று என்றால் எண்ணெய் தேய்த்து முழுகுகிறோம். அதே கண்ணோடு ஒரு மோட்டார் வண்டியைப் பார்க்கப் போய், நானும் என் தோழர் மூவரும் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். மன்றத்து அன்பர்களுள் பழைய கார் வாங்க எண்ணுவோர் ஒருவரேனும் இதனால் தப்புவாராயின், அதுவே எனக்குப் போதும்.

சென்ற ஆண்டு ஜனவரியில், உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தை நால்வரும் சேர்த்து, ஒன்பது ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றைக் காசியிலேயே வாங்கினோம். விற்றவர் எங்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டிக் காட்டினார். வெப்பமானியின் முள் அடிக்கோட்டை விட்டு எழவேயில்லை. “பார்த்தீர்களா, எஞ்சின் பனிக்கட்டி!” என்றார். நாங்களும் மகிழ்ந்து தலையாட்டினோம். ஹீட்டரைத் திருகினால் குளிர்ந்த காற்றே வந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நால்வருள் இருவர் இயற்பியல் மாணவர் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மே மாதம் வந்தது. கங்கையாட வந்திருந்த தோழர் ஒருவரின் பெற்றோரை ஊருக்கு ரயிலேற்ற, 2018இல் பெயர் மாறிய பழைய முகல்சராய் நிலையத்திற்குப் புறப்பட்டோம். கங்கைப் பாலத்தில் நெரிசல். கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. அடியில் கிடந்த முள் ஏறி ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி எழுந்தது. தோழர் பதறி இறங்கி, சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். கொதிநீர் பீறிட்டு அவர் முன்கையைச் சுட்டது. ரயில் போயிற்று. மருத்துவமனைத் தாழ்வாரத்தில், மகனின் கட்டுப்போட்ட கையைத் தம் மடிமேல் வைத்துக்கொண்டு அந்த அம்மா பேசாது அமர்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

பிறகு ஒரு முதிய மிஸ்திரி காரணத்தைக் கண்டார். ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை. அதைச் செப்பனிடுவதற்கு மாறாக, முன்பே யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருந்தார்கள்.

அந்த வால்வு எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நிற்கும் வாயிற்காவலன். அதனுள் மெழுகு உண்டு. பெரும்பாலான கார்களில் கூலண்ட் 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது மெழுகு விரிந்து வழி திறக்கத் தொடங்கும். வால்வு இல்லையேல், விரைந்து ஓடும்போது எதிர்காற்றுப் பட்டு எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிரும். குளிர்ந்த எஞ்சினுக்கு அதன் கணினி கூடுதல் பெட்ரோலை ஊட்டும். எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். உலோகம் விரைந்து தேயும். நெரிசலிலோ எதிர்காற்று இல்லை. விசிறியும் சுழலாவிட்டால் கொதிப்பதைத் தவிர வேறு வழி ஏது?

“நம் நாட்டு வெயிலுக்கு அந்த வால்வு எதற்கு?” என்று கேட்கும் மிஸ்திரிகள் பலர் உளர். இதை நான் ஏற்கவில்லை. வெளியே 5 டிகிரியாயினும் 45 டிகிரியாயினும், எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூடு ஒன்றே. பெரும்பாலான கார்களில் அது ஏறக்குறைய 85 முதல் 105 டிகிரி வரை. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடாதோ எனலாம். நம் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 120 டிகிரி வரை கொதிப்பதில்லை. ரேடியேட்டர் மூடியும் அவ்வாறே அழுத்தத்தைக் காக்கிறது. கூலண்டில் கலந்த கிளைக்கால் கொதிநிலையை மேலும் உயர்த்துகிறது. சூடான மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதற்கு ஒப்பாகும். வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டு நடுவழியில் நின்றவன், அதைக் கழற்றிவிட்டு வீடு சேர்வதை நான் குறை கூறேன். அதையே நிரந்தர மருந்தாக்கி, வண்டியைப் பிறர் தலையில் கட்டுவதுதான் குற்றம்.

ஆகவே அன்பர்களே, கார் பார்க்கப் போனால் எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையிலேயே போங்கள். சிறிது தூரம் ஓட்டியதும் முள் நடுவுக்கு வரவேண்டும். வந்தபின் அங்கேயே நிற்கவேண்டும். பிறகு ஏ.சி.யை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடுங்கள். விசிறி தானே சுழன்று, தானே நிற்கும் வரை பொறுத்திருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். முள்ளை மட்டும் நம்பவும் வேண்டா. பல கார்களில் சூடு பத்துப் பதினைந்து டிகிரி மாறினாலும் முள் அசையாதபடி அமைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. துளையில் சிறு கருவியைச் செருகினால், சரியான டிகிரி கைப்பேசியிலேயே தெரியும். நம் விடுதியில் யாரேனும் ஒருவரிடம் அக்கருவி இருந்தால் எல்லோருக்கும் பயன்படும்.

விசிறியையும் வால்வையும் மாற்றிவிட்டோம். தோழரின் கையும் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் இருக்கிறது. இப்போது வண்டியில் ஏறினால் நால்வர் கண்ணும் முதலில் முள்ளைத்தான் தேடுகின்றன. ஜனவரியிலேயே தேடியிருந்தால், அந்தப் பெற்றோர் அன்று ரயிலேறியிருப்பார்கள்.