ஓடுவோரும் உடன்செல்வோரும்

நெடுந்தூர ஓட்டத்தைக் காலின் வன்மையென்றே பலரும் போற்றுகின்றனர். அஃது அரைமெய்யே என்பது எமது துணிபு. 2019-ஆம் ஆண்டில் சூஃபியா கான் என்னும் பெண்மணி காஷ்மீரத்தினின்று கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டரை 87 நாட்களில் ஓடி முடித்தார். நாளொன்றுக்குச் சராசரி 46 கிலோமீட்டர். நீரும் உணவும் இராத்தங்கலும் அமைத்துத் தருவார் இலராயின் இத்தகைய ஓட்டம் கைகூடுவதரிது.

நம் மாணவருள் இதனை விழைவோர், முதற்கண் செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் வரையுள்ள சுமார் 30 கிலோமீட்டரில் தம் ஏற்பாட்டைச் சோதித்தறிக. விடியுமுன் புறப்படுக. இடந்தோறும் நீரோடு உப்பும் ஆயத்தமாயிருக்க வேண்டும். வெறுநீரையே அளவிறந்து பருகின், குருதியில் உப்புச் செறிவு குறைந்து உயிர்க்கே கேடு விளையும்.

யாவற்றினும் தலையாயது, ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் உடன்செல்வோரிடம் இருத்தலாம். இது மனவுறுதியைக் குலைக்குமென்பாரும் உளர். யாம் உடன்படோம். கடுவெப்பம் தாக்கியவிடத்து அறிவு தடுமாறும்; தடுமாறிய அறிவு தன் நிலையை எங்ஙனம் உணரும்? அப்பொழுது மருத்துவ உதவியை வரவழைத்து, அது வருமளவும் நிழலிற் கிடத்திக் குளிர்நீரால் உடலை ஆற்றுதல் துணைவர் கடன்.

அமலேக்கியரோடு நிகழ்ந்த போரில் மோசேயின் தளர்ந்த கைகளை ஆரோனும் ஊர் என்பாரும் தாங்கினமையாலன்றோ வெற்றி வாய்த்தது? ஆதலின், அன்பர்காள், துணைவரை முதலில் தேர்மின். ஓடும் நாளைப் பின்னர்க் குறிமின்.