கறுத்த தோலில் சிவப்பு தெரியாது

என் முதல் அசைன்மென்ட் திருத்தி வந்த நாளை மறக்கமுடியாது. தலைப்பு, படுக்கைப் புண் தடுப்பு. ஆறு பக்கம் எழுதியிருந்தேன். பத்துக்கு மூன்றரை மார்க். ஓரத்தில் சிவப்பு மையில் ரெண்டே வரி: ‘இது அசைன்மென்ட்டா, கதையா? ஆதாரம் எங்கே?’ எழுதிய மேடத்துக்கு என்னைவிட 12 வயசு குறைவு. எனக்கு 43. நான் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட ஆரம்பித்த காலத்தில் அவங்க பள்ளிக்கூடப் பிள்ளை. அவங்களைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அந்த ரெண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதை வைத்துக்கொண்டு யோசித்ததைத் தோழர்களிடமும், படிக்கிற நம்ம பிள்ளைங்களிடமும் சொல்லியாகவேண்டும்.

டிப்ளமா நர்ஸிங் முடித்து 2002-ல் வேலைக்கு வந்தவள் நான். அம்மா அப்பா கைநாட்டு. வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவள் நான்தான். இத்தனை வருச வேலைக்கப்புறம், பிள்ளைகள் ரெண்டும் தலையெடுத்தபிறகு, டிப்ளமாக்காரர்கள் ரெண்டு வருசம் படித்துப் பட்டம் வாங்குகிற போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்தேன். ஏன் இந்த வயசில் என்று கேட்காத ஆள் இல்லை. பட்டம் இல்லாதவள் வார்டில் நூறு மாணவிகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கலாம். வகுப்பில் நின்று பாடம் நடத்தமுடியாது. கற்றுக்கொடுக்கிற வேலையை நான் பார்ப்பேன், பெயர் வேறொருத்தருக்கா என்ற கோபம்தான் காரணம்.

சேர்ந்தபிறகுதான் தெரிந்தது, படிப்பு பயமில்லை, எழுத்துதான் பயம் என்று. உடற்கூறு, மருந்தியல் எல்லாம் திரும்பப் படித்தால் வந்துவிடுகிறது. ஆனால் வெள்ளைத் தாள் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ‘நான்’ என்று எழுதக்கூடாதாம். சொல்கிற ஒவ்வொன்றுக்கும் இன்னார் இந்த வருசம் சொன்னார் என்று காட்டவேண்டுமாம். இங்கிலீஷில் எழுதவேண்டும், புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினாலோ கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, ‘ஏன்க்கா இம்புட்டு கஷ்டப்படுறீங்க, ஜெராக்ஸ் கடையில காசு குடுத்தா ப்ராஜெக்டே ரெடியா குடுப்பாங்க’ என்றாள். அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. பயத்தை மட்டும் கொடுத்து வழியைக் காட்டாத இடத்தில் கடைதானே வழி?

இந்தப் பயம் என் தனிப்பட்ட மண்டைக் கோளாறு இல்லை. நர்ஸிங் என்கிற தொழிலே எழுத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட தொழில். ரத்தம், மலம், சலம், சீழ், பிணம் என்று சாதி எதையெல்லாம் தீட்டு என்றதோ, அதையெல்லாம் கையால் தொட்டுச் செய்கிற வேலை. அதனால்தான் தொடக்க காலத்தில் மேல்சாதி வீடுகள் பெண்களை இதற்கு அனுப்ப யோசித்தன. கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் முதலில் வந்தார்கள். தொடுகிறவள் ஒருத்தி, எழுதுகிறவர் இன்னொருத்தர் என்றானது. டாக்டர் எழுதுவார், நாங்கள் செய்வோம். எங்கள் எழுத்து என்பது சார்ட்டில் கட்டம் நிரப்புவது.

படிப்பு தொடங்கும்போது எங்களுக்கு விளக்கேற்றும் சடங்கு உண்டு. நைட்டிங்கேல் அம்மாவின் விளக்கைக் கையில் கொடுப்பார்கள். அவர் கிரிமியப் போர் முடிந்து வந்து, சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்ததே அதிகம் என்பதை 1858-ல் கணக்கோடு படம் போட்டு எழுதிக்காட்டியதையோ, 1859-ல் நர்ஸிங் பற்றிப் புத்தகம் எழுதியதையோ அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. விளக்கைக் கொடுத்தார்கள், பேனாவைக் கொடுக்கவில்லை. நம் பக்கத்து வரலாறும் அப்படியே மறைக்கப்பட்டது. சாவித்திரிபாய் புலே 1854-லேயே கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர். 1897-ல் புனேயில் பிளேக் வந்தபோது நோயாளிகளைப் பராமரித்து, அதே நோய் தொற்றிச் செத்தார். எழுதிய கையும் நோயாளியைத் தூக்கிய கையும் அவருக்கு ஒன்றுதான்.

இவ்வளவு சொன்னால் நம்ம தோழர்கள் சிலபேர் உடனே கைதட்டுவார்கள். ‘பாத்தீங்களா, கல்விப்புல எழுத்தே அதிகாரத்தின் எழுத்து. ஆதாரம், அடிக்குறிப்பு எல்லாம் ஆதிக்கத்தின் சொல்லாடல். தூக்கி எறிங்க. நம்ம பேச்சில நம்ம வாழ்க்கையை எழுதுங்க’ என்பார்கள். நம்ம பேச்சில் எழுதலாம் என்ற துணிச்சலை 1992-ல் வந்த பாமாவின் ‘கருக்கு’ எனக்கும் கொடுத்தது. அந்தத் துணிச்சலில்தான் இந்தக் கட்டுரையே. ஆனாலும் தூக்கி எறியச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கல்லூரிக்கு வருவதற்கு ரெண்டு வருசம் முன்னால், இடுப்பு எலும்பு முறிந்து வார்டில் ஒரு பெரியம்மா கிடந்தாங்க. வயல் வேலை பார்த்த உடம்பு, நல்ல கறுப்பு. ஒரு காலையில் அவங்களைப் புரட்டி முதுகு துடைக்கும்போது, இடுப்புக்குக் கீழே எலும்பு மேட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சூடும் கெட்டியும் தட்டுப்பட்டது. புண் வரப்போகிறது என்று கை சொன்னது. ரவுண்ட்ஸில் சொன்னேன். பார்த்தார்கள். சிவப்பு எதுவும் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். இருந்த ஒரு காற்றுப் படுக்கை வேறொருத்தருக்குப் போனது. மூன்றாம் நாள் தோல் கிழிந்தது. அப்புறம் அந்தப் பெரியம்மா பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை.

புத்தகத்தில் படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்று என்ன இருக்கிறது? அழுத்தினால் மறையாத சிவப்பு. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வரி அது. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்கவேண்டும். சூடா, சில்லென்றிருக்கிறதா, கெட்டியா, கொழகொழப்பா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிற்பாடு வந்த நூல்களில் இந்த எச்சரிக்கையும் சேர்ந்திருக்கிறது. அது தானாகச் சேரவில்லை, யாரோ எழுதியதால் சேர்ந்தது.

சரி, அன்றைக்கு என் குறிப்பில் நான் என்ன எழுதினேன்? ‘பொசிஷன் மாற்றப்பட்டது’ என்று மட்டும். சூடு, கெட்டி, எந்த இடம், எத்தனை மணி, யாரிடம் சொன்னேன், ஒன்றுமே எழுதவில்லை. வாயால் சொன்னது காற்றோடு போனது. எழுதப்படாதது செய்யப்படாதது என்று நர்ஸிங்கில் ஒரு பழைய சொல் உண்டு. அதை மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். குற்றத்தில் எனக்கும் பங்கிருக்கிறது. எழுத்து அவங்களுடையது என்று நானே விட்டுக்கொடுத்ததன் விலையை அந்தப் பெரியம்மா கொடுத்தாங்க.

இன்னொன்றும் பாருங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த சாமான். இது கறுப்புத் தோலில் சில நேரம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்று 1990-லேயே அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரை வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மறுபடி எழுதினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டியது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று எண்ணிக் காட்டினார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. கறுப்பர்கள் வெறுமனே கத்தியிருந்தால் ‘உணர்ச்சிவசப்படுகிறார்கள்’ என்று முடித்திருப்பார்கள். எண்ணி, ஒப்பிட்டு, ஆதாரம் காட்டி எழுதியதைத் தள்ளமுடியவில்லை. இந்த எழுத்தையா தூக்கி எறியச் சொல்கிறீர்கள்?

ஆதாரம் காட்டுவது என்றால் என்ன? ஊரில் ஒரு வழக்கு என்றால் சாட்சி கேட்கிறோமே, அதுதான். வன்கொடுமை வழக்கில் தேதி, நேரம், இடம், பார்த்தவர் யார் என்று நம்ம வக்கீல் தோழர்கள் எப்படித் துருவித் துருவி எழுதுகிறார்கள்! ஒன்று விட்டுப்போனால் வழக்கு உடையும் என்று தெரியும். கல்விப்புல எழுத்தும் அதே வேலைதான். அதை மந்திரம் மாதிரி மூடி வைத்திருப்பதைத்தான் நாம் எதிர்க்கவேண்டும்.

மந்திரம் ஒன்றுமில்லை. நோயாளியைப் பார்த்துத் தகவல் சேர்ப்பது, சிக்கல் என்ன என்று முடிவு செய்வது, திட்டமிடுவது, செய்வது, பலன் பார்ப்பது என்று நர்ஸிங்கில் ஐந்து படி உண்டு. இருபது வருசமாகத் தினமும் ஏறி இறங்கிய படி. அசைன்மென்ட்டும் அதே ஐந்து படிதான் என்று ஒரு நாள் பிடிபட்டது. திரும்ப எழுத உட்கார்ந்தேன். முதலில் தமிழில், பேசுகிற மாதிரியே எழுதினேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று எழுதிக்கொண்டேன். நூலகத்தில் தேடினேன். 1987-ல் வெளியான பிரேடன் அளவுகோல் கிடைத்தது. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடம்பைத் தானே அசைக்கும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு சங்கதிக்கு மார்க் போட்டுக் கூட்டினால் 6 முதல் 23 வரை வரும்; குறையக் குறைய ஆபத்து. பெயர் தெரியாமலே இந்த ஆறையும் நாங்கள் பார்த்துவந்திருக்கிறோம். தோலின் நிறம் அந்த ஆறில் இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். அப்புறம்தான் இங்கிலீஷ். இந்தத் தடவை ஏழு மார்க்.

‘கதையா?’ என்ற கேள்விக்கும் பாடப் புத்தகத்திலேயே பதில் கிடைத்தது. பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984-ல் எழுதிய நூலைப் பற்றி எங்களுக்குப் பாடம் இருக்கிறது. கற்றுக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவள் வரை ஐந்து நிலை என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்தக் கோட்பாட்டை அவர் எப்படி உண்டாக்கினார்? நர்ஸுகளை உட்காரவைத்து, வார்டில் நடந்த கதைகளைச் சொல்லச்சொல்லிக் கேட்டு உண்டாக்கினார். எங்கள் கதைதான் கோட்பாடாகி எங்களுக்கே பரீட்சையாக வருகிறது! அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: கைதேர்ந்தவளும் பழக்கமில்லாத புது இடத்துக்குப் போனால் கற்றுக்குட்டிதான். அதைப் படித்தபிறகு வெட்கம் கொஞ்சம் விட்டுப்போனது. வார்டில் நான் தேர்ந்தவள், தாள் முன்னால் கற்றுக்குட்டி. இதில் அவமானம் என்ன இருக்கு?

பாதியில் விட்ட படிப்பும் திருப்பி அனுப்பப்பட்ட எழுத்தும் நமக்குப் புதுசில்லை. உதவித்தொகை முடிந்து 1917-ல் லண்டனிலிருந்து ஊர் திரும்பியவர் அண்ணல் அம்பேத்கர். வேலை பார்த்துப் பணம் சேர்த்து 1920-ல் மறுபடி போனார். அவர் கொடுத்த டி.எஸ்ஸி. ஆய்வேட்டையும் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பினார்கள். திருத்தி எழுதி 1923-ல் பட்டம் வாங்கினார்.

கல்லூரிகளைக் கேட்கிறேன்: மார்க் போடுவதற்கு முன்னால் எழுதக் கற்றுக்கொடுங்கள். ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்பதற்கு முன்னால் எங்கே தேடுவது என்று ஒரு வகுப்பு எடுங்கள். முதல் வரைவைத் தமிழில் எழுத விடுங்கள். முதல் அசைன்மென்ட்டைத் திருத்தித் திரும்ப எழுத ஒரு வாய்ப்புக் கொடுங்கள். படிக்கிற பிள்ளைங்களைக் கேட்கிறேன்: கடையில் வாங்காதீர்கள். வாங்கிய தாளில் உங்கள் கை தொட்ட எதுவும் இருக்காது.

தோழர்களைக் கேட்பது இதுதான். எம்.ஃபில்., பிஎச்.டி. முடித்த நீங்கள், வேலையும் குடும்பமும் பார்த்துக்கொண்டு திரும்பப் படிக்கிற அக்காமாரோடு மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். மேற்கோள் எப்படிக் காட்டுவது, கட்டுரையை எப்படித் தேடுவது என்று காட்டுங்கள். கூட்டம் போட்டு மைக்கில் பேசுவதைவிட இது சின்ன வேலைதான், ஆனால் ஆள் இல்லாமல் கிடக்கிறது.

போன வாரம் பயிற்சிக்காக வார்டுக்குப் போயிருந்தேன். பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவைப் புரட்டும்போது குதிகாலில் சூடு தட்டியது. குறிப்பில் எழுதினேன்: காலை 10.20, இடது குதிகால், சுற்றியுள்ள தோலைவிடச் சூடு அதிகம், தொட்டால் கெட்டி, தோலின் நிறத்தில் மாற்றம் தெரியவில்லை, வார்டு சிஸ்டரிடம் தெரிவிக்கப்பட்டது. சாயங்காலத்துக்குள் குதிகால் படுக்கையில் படாதபடி தலையணை வைத்தார்கள். புண் வரவில்லை.